கோவிலம்பாக்கத்தின் பெயரில் வந்த அலாரம்

பிளஸ்ஸியால் ஓர் இடத்தில் நிம்மதியாக உட்கார முடியாது. சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்கு முன்பே ஒருமுறை எழுந்து வெளியே போய்விட்டு வருவாள். சர்ச்சில் பிரசங்கம் நீண்டால் முழங்கால் ஆடத் தொடங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவன் ஜெரோம் கையை வைத்து அழுத்துவான். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போனபின், கேஸை மூடினோமா என்று திரும்பி வந்து பார்ப்பாள். மூடித்தான் இருக்கும். "பார்த்தாச்சுல்ல, போலாமா?" என்பான் ஜெரோம். விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன் அவன். காத்திருந்து பழகியவன்.

இந்தக் குணம் வேலையில் மட்டும் அவளுக்குக் கைகொடுத்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பெரிய கம்பெனியில், சுவர் முழுக்கத் திரைகள் வைத்த அறையில், எங்கோ வெளிநாட்டு வங்கிகளின் கம்ப்யூட்டர் இணைப்புகள் அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை பல வருஷம் செய்தாள். மற்றவர்கள் திரை பச்சையாக இருந்தால் டீ குடிக்கப் போவார்கள். பிளஸ்ஸிக்குப் பச்சைதான் கவலை. சிவப்பு வந்தால் செய்வதற்கு ஏதாவது இருக்கிறது. பச்சை நிஜமா என்று யார் சொல்வது?

அந்தக் கம்பெனி அவளுடைய குழுவையே கலைத்தபோது வயது நாற்பதை நெருங்கியிருந்தது. வீட்டில் சும்மா இருந்த மாதங்களில் பரணைக் காலி செய்து மறுபடி அடுக்கினாள், மறுபடி காலி செய்தாள். கடைசியில் பல்லாவரத்தில் டாக்டர் வேதாசலத்தின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. குழந்தைகளுக்கான கிளினிக்குகள் நடத்துபவர் அவர். பல்லாவரத்தில் தலைமையிடம், கோவிலம்பாக்கம், மாடம்பாக்கம், இன்னும் சில இடங்களில் கிளைகள். கிளைகளின் இணைய இணைப்பு, கேமரா, போன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது பிளஸ்ஸியின் பொறுப்பு. அவளுக்கு மேலே கதிரேசன் என்று ஒரு மேனேஜர். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு வேலை முடிந்தது என்று சொன்னபின் அதைத் திரும்பத் தொடுவது அவருக்குப் பிடிக்காது.

அந்த வருஷம் தீபாவளிக்குச் சற்று முன்னால் புதிதாக ஒரு கண்காணிப்பு மென்பொருள் வாங்கினார்கள். வெளியாட்கள் வந்து பொருத்திக் கொடுத்தார்கள். மென்பொருள் தானாகவே எல்லாக் கிளைகளின் இணைப்பையும் தேடிப்போய், என்னென்ன கருவிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் எண் முகவரி என்ன என்று கண்டுபிடித்து வரைபடமாகப் போட்டுவிடும். தடுப்பூசி மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜ்களிலும் வெப்பத்தை அளக்கும் சின்னப் பெட்டிகளை மாட்டினார்கள். ஃப்ரிட்ஜ் சூடானால் அந்தந்தக் கிளை நர்சின் போனுக்குச் செய்தி போகும்.

முதல் நாளே வரைபடம் முழுக்கப் பச்சைப் புள்ளிகள். டாக்டர் வேதாசலம் வந்து பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார். கதிரேசன் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார்.

மழை தொடங்கிய வாரத்தில் கோவிலம்பாக்கம் நர்ஸ் ஞானாம்பாளிடமிருந்து போன் வந்தது.

"இன்னாம்மா இது, ஒரே பேஜாரா கீது. ஃப்ரிட்ஜ் சூடாயிடுச்சுன்னு மெசேஜ் மேல மெசேஜ் வந்துகினே இருக்குது. ஓடிப்போய் பாத்தா நாலு டிகிரி காட்டுது. ஜில்லுனு கீது."

"வேற தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்தீங்களா சிஸ்டர்?"

"வெச்சேன். அதுவும் நாலுதான். உங்க மிஷினுக்குத்தான் ஜுரம்."

கதிரேசன் கேட்டுவிட்டு, அளக்கும் பெட்டி கெட்டுப்போயிருக்கும் என்றார். கோவிலம்பாக்கத்தில் அதைக் கழற்றி வேறு மாட்டினார்கள். இரண்டு நாள் அமைதி. பிறகு மறுபடியும் அதே செய்தி. ஞானாம்பாள் போன் செய்வதையே நிறுத்திவிட்டாள். செய்தி வந்தால் அழித்துவிடுவதாக யாரோ சொன்னார்கள்.

அது பிளஸ்ஸியைத் தூங்கவிடாமல் செய்தது. பழைய பெட்டி கெட்டுப்போனது என்றால் நம்பலாம். புதுப் பெட்டியும் அதே பொய்யைச் சொல்லுமா?

"சார், இது பெட்டி பிரச்சினை இல்லைன்னு தோணுது."

"அப்புறம்?"

"தெரியல. ஆனா எங்கேயோ ஏதோ ஃப்ரிட்ஜ் நிஜமாவே சூடா இருக்கோன்னு பயமா இருக்கு."

கதிரேசன் திரையைக் காட்டினார். "எல்லாம் பச்சையா இருக்கு பிளஸ்ஸி. மத்த கிளை எதுலயும் ஒரு அலாரம்கூட இல்லை. அந்த மெசேஜை மட்டும் ஆஃப் பண்ணி வை. வெண்டர்கிட்ட மெதுவா கேட்டுக்கலாம்."

அவள் ஆஃப் செய்யவில்லை. ஒரு புதன்கிழமை காலை மறுபடி அலாரம் வந்தபோது, மென்பொருள் அழகாக எழுதிக் காட்டுகிற வாசகத்தை விட்டுவிட்டு, அதற்கு அடியில் கருவி அனுப்பியபடியே கிடக்கும் மூலச் செய்தியைத் திறந்தாள். மேலே 'கோவிலம்பாக்கம்' என்று பெயர். கீழே அனுப்பிய பெட்டியின் முகவரி. கிளைகளுக்கு முகவரி ஒதுக்கும்போது கிளைக்கு ஓர் எண் என்று வைத்திருந்தார்கள். முகவரியின் மூன்றாவது எண்ணைப் பார்த்தாலே எந்தக் கிளை என்று சொல்லிவிடலாம். கோவிலம்பாக்கத்துக்கு நாற்பது. இங்கே இருந்தது அறுபது.

அறுபது மாடம்பாக்கம்.

மாடம்பாக்கத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. புதன்கிழமை தடுப்பூசி நாள். கூட்டத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள். அங்கே நர்ஸ் தீபலட்சுமியின் சொந்த நம்பருக்கு அடித்தாள். அதையும் எடுக்கவில்லை.

"சார், நான் மாடம்பாக்கம் போயிட்டு வரேன்."

"மழையிலயா? அங்க பச்சைதான காட்டுது. போய் என்ன பண்ணப் போற?"

"பச்சைதான் சார் காட்டுது" என்று சொல்லிக்கொண்டே ரெயின்கோட்டை மாட்டினாள்.

ஜி.எஸ்.டி. சாலையில் குரோம்பேட்டை தாண்டுவதற்குள்ளேயே சட்டைக் காலர் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. சானடோரியம் சிக்னலில் நின்று தீபலட்சுமிக்கு மறுபடி அடித்தாள். தாம்பரம் மேம்பாலத்தில் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகராமல் நின்றன. ஸ்கூட்டரை இடுக்குகளில் நுழைத்தாள். ஒரு ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "இன்னா அவசரம் உனுக்கு" என்றார். கேம்ப் ரோடில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். வண்டி நின்றுவிட்டால் தள்ளிக்கொண்டு ஓடுவதென்று முடிவு செய்திருந்தாள். நிற்கவில்லை.

மாடம்பாக்கம் கிளினிக்கின் வராந்தாவில் குடைகளும் செருப்புகளும் குவிந்திருந்தன. உள்ளே கைக்குழந்தைகளோடு தாய்மார்கள். ஊசி போடும் அறையிலிருந்து ஓர் அழுகை எழும், அடங்கும், அடுத்தது எழும். தீபலட்சுமி இளவயதுக்காரி, சுறுசுறுப்பானவள். நனைந்து வந்து நிற்கும் பிளஸ்ஸியைப் பார்த்ததும், "என்னக்கா, நெட் எல்லாம் நல்லாத்தானே வருது?" என்றாள்.

"ஃப்ரிட்ஜ் எங்க?"

ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முகப்பில் எண் காட்டும் இடம் இருண்டு கிடந்தது.

"டிஸ்ப்ளே போயி கொஞ்ச நாளாச்சுக்கா. அதான் சூடானா மெசேஜ் வரும்னு சொன்னாங்களே. எதுவும் வரல. அப்போ நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டோம்."

பிளஸ்ஸி கதவைப் பிடித்து இழுத்தாள். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, தொட்டதும் திறந்தது. ஓரத்து ரப்பர் ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. தீபலட்சுமி தெர்மாமீட்டரை உள்ளே வைத்து மூடி, கதவை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஐந்து நிமிடம் அப்படியே பிடித்திருந்தாள். எடுத்துப் பார்த்தபோது பதினாலு.

எட்டுக்கு மேல் போகவே கூடாது. தீபலட்சுமி ஒரு மருந்துக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். சில குப்பிகளின் லேபிளில் ஒரு வட்டமும் அதற்குள் சின்னச் சதுரமும் இருக்கும். மருந்து சூடுபட்டால் சதுரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும். அந்தச் சதுரம் வட்டத்தின் நிறத்துக்கே வந்திருந்தது.

"காலைல ஊசிக்கு எடுத்த குப்பியில பார்த்தேன்க்கா. நல்லா இருந்துச்சு. ஆனா எல்லாத்துலயும் இந்தக் குறி கிடையாது." பிறகு யாரையும் கேட்காமல் வெளியே போய், "இன்னிக்கு ஊசி நிறுத்தியாச்சு, எல்லாரும் ஒரு நிமிஷம் உட்காருங்க" என்றாள். வராந்தாவில் சத்தம் கிளம்பியது. மழையில் ஆட்டோவுக்குக் கொடுத்து வந்தவர்கள், கோபம் நியாயம்தான். தீபலட்சுமி அவர்கள் நடுவில் நின்று ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள்.

பிளஸ்ஸிக்கு இன்னும் ஒன்று பார்க்க வேண்டியிருந்தது. மேசைக்கடியில் குனிந்து, கிளினிக்கை வெளியுலகத்தோடு இணைக்கிற ரவுட்டரின் கம்பியைப் பிடுங்கினாள். இப்போது வரைபடத்தில் மாடம்பாக்கம் பச்சையாக இருக்கக் கூடாது. தன் போனில் வரைபடத்தைத் திறந்தாள். மாடம்பாக்கம் பச்சையாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்தும் பச்சை. பிடுங்கிய கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் உடம்பு முழுவதும் ஈரம், ஆனால் காது மட்டும் கொதித்தது.

பல்லாவரத்துக்குத் திரும்பியதும் காரணத்தைத் தோண்டினாள். ஒரு ரவுட்டருக்கு ஒரே முகவரி இருப்பதில்லை. வெளிப்பக்கத்துக்கு ஒன்று, கிளைக்குள்ளே ஒன்று, கேமராக்களுக்கு ஒன்று என்று பல இருக்கும். மாடம்பாக்கம் கிளையைத் திறந்த அவசரத்தில், யாரோ கோவிலம்பாக்கம் ரவுட்டரின் அமைப்பை அப்படியே நகலெடுத்துப் போட்டிருக்கிறார்கள். மற்ற முகவரிகளை மாற்றியவர்கள் கேமராவுக்கானதை மாற்ற மறந்துவிட்டார்கள். இரண்டு ஊர்களில் இரண்டு ரவுட்டர்களுக்கு ஒரே கேமரா முகவரி. கேமராக்கள் கிளைக்குள்ளேயே பேசிக்கொள்வதால் இத்தனை காலம் யாருக்கும் தெரியவில்லை.

புது மென்பொருள் தேடிப் போனபோது கோவிலம்பாக்கத்தை முதலில் கண்டது. பிறகு மாடம்பாக்கத்தைக் கண்டு, உன்னிடம் என்னென்ன முகவரிகள் என்று கேட்டது. அதில் ஒன்று ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கவே, இதுவும் அதே ரவுட்டர்தான் என்று முடிவு செய்து இரண்டையும் ஒன்றாக்கிக் கோவிலம்பாக்கம் என்று பெயர் வைத்துவிட்டது. அதனால் மாடம்பாக்கத்துச் செய்திகள் எல்லாம் ஞானாம்பாளின் போனுக்குப் போயின. மென்பொருளைப் பொருத்திய வெளியாட்களோ, வரைபடத்தில் மாடம்பாக்கத்துக்குப் புள்ளியே வரவில்லையே என்று கையாலேயே ஒன்று வைத்து, அந்தப் பொது முகவரியையே அதற்குக் கொடுத்துவிட்டார்கள். மென்பொருள் அந்த முகவரியைக் கூப்பிடும், கோவிலம்பாக்கம் பதில் சொல்லும், மாடம்பாக்கம் பச்சையாகும்.

அன்று மாலையே டாக்டர் வேதாசலத்தின் அறையில் கூடினார்கள். கதிரேசன் முதலில் பேசினார்.

"சார், ஃப்ரிட்ஜை நாளைக்கே மாத்திடலாம். ஸ்டாக்கை அழிச்சுடலாம். முகவரியையும் பிளஸ்ஸி சரி பண்ணிடுவாங்க. விஷயம் முடிஞ்சிடும்."

"போட்ட ஊசிங்க?" என்றாள் பிளஸ்ஸி.

அவள் முழங்கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டிருந்தது. ஜெரோம் பக்கத்தில் இல்லை.

"சூடுபட்ட மருந்து குழந்தைக்குக் கெடுதல் செய்யாது" என்றார் வேதாசலம் மெதுவாக. "ஆனா பாதுகாப்பும் கொடுக்காது. எப்பலேர்ந்து சூடா இருக்கு?"

"முதல் அலாரம் மழை ஆரம்பிச்ச வாரத்துல வந்தது சார். அதுலேர்ந்து கணக்கு வெச்சுக்கலாம்."

"எல்லாரையும் கூப்பிட்டா கிளினிக் பேரு என்ன ஆகும்னு யோசிக்கணும் சார்" என்றார் கதிரேசன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சம்பளம் வாங்கும் எல்லோரையும் நினைத்துத்தான் சொன்னார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். பிளஸ்ஸிக்கு எழுந்து நடக்க வேண்டும்போல் இருந்தது. எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள்.

"கூப்பிடுங்க" என்றார் டாக்டர். "என்ன நடந்ததோ அதைச் சொல்லிக் கூப்பிடுங்க. மறுபடி போடறது நம்ம செலவு."

அடுத்த நாட்களில் பிளஸ்ஸி மென்பொருளோடு மல்லுக்கட்டினாள். மாடம்பாக்கத்தின் கேமரா முகவரியை மாற்றினாள். கேமரா முகவரிகளை வைத்து எந்த ரவுட்டரையும் அடையாளம் காணாதே என்று மென்பொருளுக்குச் சொல்லிவைத்தாள். ஒட்டிப்போன பதிவை அழித்து, மறுபடி தேடவிட்டாள். இந்த முறை கோவிலம்பாக்கமும் மாடம்பாக்கமும் தனித்தனியாக வந்தன. வந்ததோடு நம்பிவிடவில்லை. ஒவ்வொரு கிளையாக நேரில் போய்க் கம்பியைப் பிடுங்கினாள். பல்லாவரத்தில் சரியான புள்ளி சிவப்பாகிறதா என்று கதிரேசனைப் பார்த்துச் சொல்லச் சொன்னாள். முதல் இரண்டு கிளைக்குச் சலிப்போடு சொன்னவர், மூன்றாவதில் தானே, "இன்னொரு தடவை பிடுங்கிப் பாரு" என்றார்.

இதற்கிடையே தீபலட்சுமி பெற்றோர்களைப் போனில் அழைத்துக்கொண்டிருந்தாள். சிலர் கத்தினார்கள். ஒருவர் வக்கீலோடு வருவதாகச் சொல்லி, மனைவியோடும் குழந்தையோடும்தான் வந்தார். ஏறக்குறைய எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒரே ஒரு பெண் குழந்தை மட்டும் வரவில்லை. கொடுத்திருந்த போன் எப்போதும் அணைந்தே இருந்தது. வேங்கைவாசலில் இருந்த வீட்டுக்குத் தீபலட்சுமி போய்ப் பார்த்தாள்; காலி செய்துகொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள். குழந்தையின் அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், பெயர் குமரவேல். அவ்வளவுதான் தெரிந்தது.

"எத்தனை பேரு வந்தாச்சு. ஒண்ணுக்காக ஏன் இப்படி அலையற?" என்று ஜெரோம் கேட்டான். பிளஸ்ஸி சாப்பிட உட்கார்ந்து மூன்றாவது முறையாக எழுந்திருந்தாள்.

"அந்தக் குழந்தைக்கு ஊசி போட்டாச்சுன்னு அவங்க அம்மா நினைச்சுட்டு இருக்காங்க ஜெரோம்."

மறுநாள் அவனே லீவு போட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

மேடவாக்கம் பக்கம் லாரிகள் தண்ணீர் பிடிக்கும் இடங்கள் ஒவ்வொன்றிலும் நின்று விசாரித்தார்கள். முதல் இடத்தில் இரண்டு குமரவேல்கள் இருந்தார்கள். ஒருவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, இன்னொருவருக்குப் பேரனே இருந்தான். இன்னோர் இடத்தில், கடன் வசூலுக்கு வந்தவர்கள் என்று நினைத்து யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் விக்கி என்ற டிரைவர், பிளஸ்ஸி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, தன் போனிலேயே குமரவேலின் நம்பரைப் போட்டு அவளிடம் நீட்டினார். பாப்பாவுக்கு மறுபடி ஊசி போட வேண்டும் என்று பிளஸ்ஸி சொன்னாள்.

"இன்னா மேடம், ஊசிதான் போட்டாச்சே. மறுபடியும் இன்னாத்துக்கு?" என்றது மறுமுனை.

"நீங்க போட்டப்போ மருந்து கெட்டுப்போயிருந்திருக்கலாம்ங்க. ஃப்ரிட்ஜ் சூடாயிருந்தது. எங்களுக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுது."

"அப்போ இத்தினி நாளா எம்புள்ள ஊசியே போடாத மாதிரிதான் இருந்துச்சா?"

"அப்படித்தான்னு வெச்சுக்கணும். பாப்பாவுக்கு அதால கெடுதல் எதுவும் இல்லை. ஆனா மறுபடி போடணும்."

பின்னணியில் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"உங்களாண்ட ஃப்ரிட்ஜ் சூடாச்சுன்னா உங்களுக்கே தெர்லைன்றீங்க. உங்கள நம்பி எப்டி மேடம் தூக்கினு வர்றது?"

"வேற எங்கயாவது போடறதா இருந்தாலும் பரவாயில்லைங்க. அரசு ஆஸ்பத்திரிலகூடப் போடுவாங்க. எங்க வேணா போடுங்க. ஆனா போட்டுடுங்க" என்றாள்.

"பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் வருவாரா என்று தெரியாமலே ஞாயிறு கழிந்தது. விக்கியிடம் குறித்துக்கொண்டு வந்த அந்த நம்பரைப் பிளஸ்ஸி மறுபடி அழைக்கப் போனாள். ஜெரோம் போனை வாங்கி வைத்துக்கொண்டான். புதன்கிழமை அவள் மாடம்பாக்கத்தில் இருந்தாள். புது ஃப்ரிட்ஜ் வந்தபின் வாரம் ஒருமுறை அதன் கதவைச் சற்றுத் திறந்து வைத்து, செய்தி தீபலட்சுமியின் போனுக்குத்தான் வருகிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கியிருந்தாள். தீபலட்சுமியின் போன் சிணுங்கியது. கதவை மூடினாள்.

வாசலில் ஒரு தண்ணீர் லாரி பிரேக் போட்டு நின்றது. சாலையில் பாதியை அடைத்துக்கொண்டு, பின்னால் குழாயிலிருந்து நீர் சொட்ட நின்ற லாரியிலிருந்து குமரவேல் இறங்கினார். மனைவி மேலிருந்து குழந்தையை நீட்ட, வாங்கிக்கொண்டார். பின்னால் வந்த ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது.

உள்ளே வந்தவர், போனில் பேசிய மேடம் யார் என்றெல்லாம் கேட்கவில்லை. நேராக, "அந்த ஃப்ரிட்ஜைக் காட்டுங்க" என்றார். பிளஸ்ஸி காட்டினாள். முகப்பில் நாலு என்றிருந்தது. அவர் நம்பாமல் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தார். பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, குழந்தையைத் தீபலட்சுமியிடம் கொடுத்தார்.

குழந்தை அழுதது. வெளியே ஹாரன்கள் கூடின. குமரவேல், "தோ வந்துட்டேன்பா" என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டே, மகளின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.